சிலம்பாற்றிலிருந்து வைகை வரை

(சித்திரைப் பெருவிழாவினையொட்டிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதுரை மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில், நெல்வயல்களும் கண்மாய்களும் பரந்து கிடக்கும் சமவெளியிலிருந்து எழுந்து நிற்பது அழகர்மலை. இதற்குப் பெயர்கள் பல. திருமாலிருஞ்சோலை என்றும், சோலைமலை என்றும், இருங்குன்றம் என்றும், இடபகிரி என்றும் நூல்கள் போற்றும். மலையின் உச்சிப் பகுதியில் ஓர் அருவி; அடிவாரத்தில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய திருக்கோயில்; கோயிலிலிருந்து புறப்படும் பெருமான் சென்று சேரும் ஓர் ஆறு; அந்த ஆற்றின்மேல் நூற்றாண்டு கடந்து நிற்கும் ஒரு பாலம். இவை நான்கும் தனித்தனியே பலரும் அறிந்தவையே. ஆயின் இவற்றை ஒரே வழியில் கோத்துப் பார்ப்பவர் சிலரே. மலையின் நீருக்கும் ஆற்றின் நீருக்கும் நடுவே ஆண்டுதோறும் ஒரு தெய்வம் நடந்து வருகின்றது என்பதனை எண்ணிப் பார்த்தால், இந்த வழியின் அருமை விளங்கும்.

முதலில் அருவியைக் காண்போம்.

இன்று மக்கள் நூபுரகங்கை என்று வழங்கும் தீர்த்தத்தின் பழம்பெயர் சிலம்பாறு என்பதாகும். நூபுரம் என்னும் வடசொல்லுக்குத் தமிழில் சிலம்பு என்பது பொருள். உலகளந்த பெருமானின் திருவடி மேலுலகம் சென்றபோது, நான்முகன் அதனை நீரால் விளக்கினான் என்றும், அந்த நீர் திருவடியில் அணிந்திருந்த சிலம்பின்மேல் பட்டு இம்மலையில் வீழ்ந்தது என்றும் தலபுராணம் கூறும். இது புராணம் காட்டும் பொருள். சொல்லை மட்டும் கொண்டு ஆராய்வோர் வேறொன்றும் கூறுவர். சிலம்பு என்ற தமிழ்ச் சொல்லுக்குக் காலணி என்பதுடன் மலை என்றும் ஒரு பொருள் உண்டு. ஒலித்தல் என்றும் உண்டு. மலையிலிருந்து ஒலித்து இழியும் ஆறு சிலம்பாறு எனப் பெயர் பெறுதல் இயல்பே. இரு பொருளுள் எது முந்தியது என்று வழக்காட வேண்டுவதில்லை. மலையும் ஒலியும் பெருமானின் காலணியும் ஒரே சொல்லில் வந்து அடங்குவது தமிழின் பேறு என்று கொள்வதே தகும்.

அடிவாரத்துக் கோயிலிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் செல்வோர், முதலில் ஆறாம் படைவீடாகிய பழமுதிர்சோலையில் முருகப்பெருமானை வணங்குவர். ஔவைக்கு நாவற்பழம் உதிர்த்துச் 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று வினவிய கதையை இத்தலத்தோடு இணைத்துச் சொல்லுவது மக்கள் மரபு. அதற்கும் மேலே சென்றால் இராக்காயி அம்மன் திருக்கோயிலும் தீர்த்தத் தொட்டியும் உள்ளன. பாறையின் இடுக்கிலிருந்து வெளிப்படும் நீர் இன்ன இடத்தில் தோன்றுகிறது என்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குற்றாலத்தைப் போல் ஆர்ப்பரித்து வீழும் பேரருவியை எதிர்பார்த்து வருவோர் சற்றே ஏமாறுதல் கூடும். இது அடக்கமான நீர். ஆயின் கோடையிலும் வற்றாத நீர். சமவெளியில் கிணறுகள் எல்லாம் அடிமணல் தெரியக் கிடக்கும் சித்திரை மாதத்திலும் இங்கே நீர் விழுந்துகொண்டேயிருக்கும். மலைமேல் பெய்யும் மழையைச் சோலை தாங்கி, வேர் உறிஞ்சி, பாறைப் பிளவுகளில் இறக்கி வைத்து, சிறுகச் சிறுக ஆண்டு முழுதும் விடுகின்றது. பெருமானின் ஊர்ப்பெயரில் 'சோலை' என்னும் சொல் நிற்பது வெறும் அழகுக்காக அன்று. சோலை போனால் சிலம்பாறும் போகும் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. எண்ணெயும் சீயக்காயும் நெகிழித் தாளும் கொண்டுசென்று அவ்விடத்தில் விட்டுவருவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

இந்நீருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. உற்சவப் பெருமானாகிய கள்ளழகரின் திருமேனி அபரஞ்சி என்னும் உயர்ந்த பொன்னால் ஆனது. அத்திருமேனிக்கு நூபுரகங்கை நீரைத் தவிரப் பிற நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. செய்தால் திருமேனி கறுத்துவிடும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பெருமான் மதுரைக்கு எழுந்தருளியிருக்கும் நாள்களிலும் திருமஞ்சனத்திற்கு இந்த மலைநீரே கொண்டுவரப்படுகிறது. கோயிலில் வழங்கப்படும் புகழ்பெற்ற தோசைப் பிரசாதத்தின் சுவைக்கும் இந்நீரே காரணம் என்று ஊரார் கூறுவர். அதனை உண்டவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இம்மலையைத் தமிழ்ப் புலவர்கள் எத்துணைக் காலமாய் அறிந்திருந்தனர்? எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலின் பதினைந்தாம் பாடல் இருங்குன்றத்தைப் பற்றியது, பாடியவர் இளம்பெருவழுதியார். மாயோனும் அவன் முன்னோனாகிய பலதேவனும் சொல்லும் பொருளும்போல் பிரியாது இங்கே நிற்கின்றனர் என்பது அப்பாடலின் கருத்து. சிலம்பாறும் அதில் இடம் பெறுகின்றது. மனைவியரோடும், பெற்றோரோடும், கைக்குழந்தைகளோடும் சென்று இம்மலையைத் தொழுங்கள் என்று புலவர் மக்களை அழைக்கிறார். இன்று ஆடி மாதத்தில் மாட்டுவண்டியிலும் வேனிலும் பாட்டன் பாட்டி முதல் பச்சிளங் குழந்தை வரை ஏற்றிக்கொண்டு, முடியிறக்கவும் காதுகுத்தவும் வந்திறங்கும் கிராமத்துக் குடும்பங்களைக் கண்டால், சங்கப் புலவர் கண்ட காட்சியும் இதுதானோ என்று தோன்றும். நெருங்கி வர இயலாதார் மலை தோன்றும் திசையை நோக்கித் தொழுதலும் அப்பாடலில் குறிப்பாக உண்டு. மேலூர்ப் பக்கத்து உழவர் இன்றும் விடியற்காலை வயலில் நின்று மலையை நோக்கிக் கைகூப்புவதைக் காணலாம்.

சிலப்பதிகாரத்தில் இம்மலை வரும் இடம் இன்னும் சுவையானது. அதனைச் சற்று விரித்துரைப்பது தகும்.

புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும், சமணத் துறவியாகிய கவுந்தியடிகளுடன் மதுரையை நோக்கி வருகின்றனர். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் ஒருவன் அவர்களைச் சந்திக்கிறான். மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதையும், ஒவ்வொன்றின் இயல்பையும் அவன் கூறுகிறான். இடப்பக்கத்து வழியில் சென்றால் திருமால் குன்றம் வரும் என்றும், அங்கே ஒரு பிலமும் அதனுள் மூன்று பொய்கைகளும் உண்டென்றும் சொல்கிறான். புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்பன அவற்றின் பெயர்கள். முதலாவதில் மூழ்கினால் இந்திரன் இயற்றிய இலக்கண நூலறிவு கிட்டும்; இரண்டாவதில் மூழ்கினால் முற்பிறப்பினை அறியலாம்; மூன்றாவதில் மூழ்கினால் நினைத்தவை கைகூடும். பிலத்தினுள் நுழைய விரும்புவோர் பெருமானை நினைந்து மலையை மும்முறை வலம் வந்தால், சிலம்பாற்றின் கரையில் வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றி, இம்மை இன்பம் யாது, மறுமை இன்பம் யாது, இரண்டும் அல்லாது என்றும் நிலைத்து நிற்பது யாது என வினவுவாள். விடை கூறினார்க்கு வாயில் திறப்பாள். தீர்த்தக்கரையில் இராக்காயி அம்மனை வணங்கி நிற்பவர் அந்த வரோத்தமையை நினைத்துக்கொள்வது பொருத்தமே. இரண்டு இடத்திலும் நீருக்குக் காவல் ஒரு பெண் தெய்வம்.

இவ்வளவும் கேட்ட கவுந்தியடிகள் என்ன செய்தார்? மறையோனின் சொல்லை மதித்தார். ஆயின் அவ்வழியே செல்ல மறுத்தார். இந்திரனின் இலக்கணம் தம் ஆகமத்திலேயே உண்டு. முற்பிறப்பில் செய்தவற்றையெல்லாம் இப்பிறப்பின் வாழ்விலேயே காணலாகும். பொய்யாமையோடு உயிர்களைப் பேணி வாழ்வோர்க்கு எய்த அரியதொரு பொருள் உண்டோ என்பன அவர்தம் விடைகள். மூன்று பொய்கைக்கு மூன்று மறுமொழி. இளங்கோவடிகள் இருவரையும் பேசவிட்டு, இருவருக்கும் பெருமை குறையாமல் காட்சியை முடிக்கிறார். வைணவன் தன் மலையைப் புகழ்ந்தான். சமணத் துறவி தம் அறத்தைக் கூறினார். ஒருவரை ஒருவர் இழித்துரைக்கவில்லை. கண்ணகி திருமாலிருஞ்சோலை மலையேறாமலே மதுரைக்குச் சென்றாள். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

சமணர்க்கும் இம்மலைக்கும் உள்ள தொடர்பு காப்பியத்தோடு நிற்பதன்று. மலையின் ஒரு பகுதியில், கிடாரிப்பட்டி என்னும் சிற்றூரை அடுத்து, சமணத் துறவியர் தங்கிய இயற்கைக் குகை உள்ளது. கல்லில் வெட்டிய படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே காணப்படுகின்றன. கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவை அவை என்பது அறிஞர் கருத்து. அக்கல்வெட்டுகளில் பெயர் பொறிக்கப்பெற்றவர்களுள் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், அறுவை எனப்படும் துணி வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்ற வணிகன் ஒருவன் என்றிவ்வாறு பலர் உளர். மதுரைக் கடைத்தெருவில் பொருளீட்டியவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மலைக்கு வந்து அறம் செய்தனர் என்பதற்குக் கல்லே சான்று. இன்று சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி நடத்தும் மதுரை வணிகர்கள் தாம் செய்வது நாயக்கர் காலத்து வழக்கம் என்று எண்ணியிருப்பர். வணிகன் மலைக்குக் கொடுப்பது அதனினும் மிகப் பழைய வழக்கம்.

திருக்கோயிலைப் பற்றி அடியார்கள் நன்கறிவர்; விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. மூலவர் பரமசுவாமி, தாயார் கல்யாணசுந்தரவல்லி. கருவறையின்மேல் வட்ட வடிவில் விமானம் அமைந்திருப்பது அரியதொன்று. உட்கோட்டை இரணியன் கோட்டை எனவும், வெளிக்கோட்டை அழகாபுரிக் கோட்டை எனவும் வழங்கும். நிறைவு பெறாத இராயகோபுரம் இன்றும் அவ்வாறே நிற்கிறது. பெரியாழ்வார், நம்மாழ்வார், திருமங்கையாழ்வார் முதலியோர் பாடிய தலம் இது. ஆண்டாள் நாச்சியார் இப்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டார். நேர்ந்தவர் செலுத்தாமலே அரங்கனோடு கலந்துவிட, பிற்காலத்தில் வந்த இராமாநுசர் அந்த நேர்த்தியைத் தாமே செலுத்தினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. தங்கை நேர்ந்ததை நிறைவேற்றும் அண்ணன் போன்று அவர் இதனைச் செய்தார் என்று பெரியோர் போற்றுவர்.

கோபுர வாயிலில் காவல் நிற்பவர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. சாத்திய கதவுகளும் அவற்றின்மேல் அப்பிய சந்தனமுமே இங்கே தெய்வ வடிவம். பெருமான் மதுரைக்குப் புறப்படும்போது அவர் அணிந்துசெல்லும் நகைகளின் பட்டியல் கருப்பசாமி முன்னிலையில் படிக்கப்படும். திரும்பி வந்ததும் மீண்டும் சரிபார்க்கப்படும். கணக்குப் பார்க்கும் அதிகாரி மனிதரேயானாலும், தணிக்கை கருப்பசாமியுடையது. எந்தக் கணக்கரும் அவர் முன் பிழை செய்யத் துணியமாட்டார்.

இனி, பெருமான் இறங்கும் வழியைக் காண்போம்.

கண்டாங்கிச் சேலையும், வளைதடியும், கொண்டையும் கொண்ட கள்ளர் திருக்கோலத்தில் பல்லக்கில் புறப்படும் அழகர், நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் எழுந்தருளி, மூன்றுமாவடியில் மதுரை மக்களின் எதிர்சேவையை ஏற்கிறார். தல்லாகுளத்தில் திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஏறி, சித்திரா பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்குகிறார். தென்கரையிலிருந்து வீரராகவப் பெருமாள் வந்து வரவேற்கிறார். அன்றிரவு வண்டியூர், மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் காட்சி தந்து மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்கிறார். துருவாச முனிவரின் சாபத்தால் தவளையாகி வைகைக்கரையில் தவமிருந்தவர் சுதபஸ் என்னும் முனிவர். அவரே மண்டூக முனிவர். பின் இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி; தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு; அதன்பின் மலைக்குத் திரும்புதல்.

தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு வந்த அண்ணன், நேரம் தவறியதால் சினங்கொண்டு, ஆற்றைக் கடந்து நகருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று மக்கள் கூறுவர். இனிய கதைதான். ஆயின் மீனாட்சியம்மன் கோயில் திருக்கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுப்பதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் ஆண்டுதோறும் உரிய நேரத்தில் வந்துவிடுகிறார். ஆகவே, புராண நெறியில் பார்த்தால் அண்ணன் நேரம் தவறவில்லை. அழகர் வருகையின் புராணக் காரணம் மண்டூக முனிவரின் சாபநீக்கம் ஒன்றே. இருப்பினும் மக்கள் கதையைப் பொய்யென ஒதுக்குதல் தகாது. இரு வேறு விழாக்கள் ஒன்றாக இணைந்தபோது, அவற்றை உறவுமுறையால் பிணைப்பதற்கு மக்கள் நெஞ்சம் கண்ட வழி அது.

அந்த இணைப்பினைச் செய்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது வழிவழிச் செய்தி. அதற்குமுன் மீனாட்சி திருக்கல்யாணம் மாசி மாதத்தில் நடைபெற்றது. அழகர் சித்திரையில் அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்குச் சென்று அங்கே ஆற்றில் இறங்கினார். அழகர் அலங்காரம் செய்துகொண்ட ஊராதலின் அலங்காரநல்லூர் எனப் பெயர் பெற்று, அதுவே அலங்காநல்லூர் ஆயிற்று என்பர். நாயக்கர் இரு விழாக்களையும் சித்திரையில் இணைத்து, ஆற்றில் இறங்கும் இடத்தையும் மதுரைக்குக் கொணர்ந்தார். அறுவடை முடிந்து மக்கள் ஓய்ந்திருக்கும் காலம். பெரிய தேர்களை இழுக்க ஆள் வேண்டும். சைவரும் வைணவரும் ஒன்றுகூட வேண்டும் என்று காரணங்கள் பல கூறுவர். இழப்பு ஒன்றும் இருந்தது. அது தேனூருக்கு. வண்டியூரில் உள்ள மண்டபத்திற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர் நிலைத்ததும், தேனூர் மக்களுக்கு இன்றும் அங்கே உரிமை உள்ளதும் அந்த இழப்புக்கு ஈடாக அளிக்கப்பட்டவை. பேராசிரியர் தொ. பரமசிவன் 1989-இல் வெளியான 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு நூலில் இவ்விழாவையும் இதில் பங்குபெறும் குடிமக்களின் மரபுகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். விரும்புவோர் கற்றுணர்க.

வைகைக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. மீனாட்சி திருமணத்தில் உண்டு தீர்த்தும் தணியாத வேட்கையோடு நின்ற குண்டோதரனை நோக்கி இறைவன் 'கை வை' என்றார். அவன் கை வைத்த இடத்தில் பெருகிய நீர் வைகை ஆயிற்று. திருவிளையாடற் புராணத்தில் தாகத்துக்காகப் பிறந்த இவ்வாறு, பின்னர்க் கரையை உடைத்து, வந்தியின் பங்குக்கு இறைவனையே மண் சுமக்கவும் வைத்தது. வறட்சி, வெள்ளம் என்னும் இரண்டையும் வைகை அன்றே காட்டிவிட்டது என்க. வருசநாட்டு மலைகளில் தோன்றி 258 கிலோமீட்டர் ஓடும் இவ்வாறு, மழைக்காலத்தில் மட்டும் பெருகி, பிற காலங்களில் மணலாய்க் கிடக்கும் இயல்புடையது. வெள்ளம் வந்த நாள்களில் வடகரை வேறு உலகம், தென்கரை வேறு உலகம். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபோது இரயில் ஆற்றைக் கடந்தது. வண்டியும் மக்களும் கடக்க வழி பிறந்தது 1889-இல். விக்டோரியா அரசியாரின் பெயரரான ஆல்பர்ட் விக்டர் இளவரசரின் பெயரால் அமைந்த அந்தக் கற்பாலமே இன்று ஏ.வி. பாலம் என வழங்குவது. வளைவு வளைவாகக் கட்டப்பட்ட அதன் கால்களுக்கிடையே எத்தனையோ வெள்ளங்கள் சென்றன. கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் இணைத்து இன்றும் பேருந்துகளைத் தாங்கி நிற்கிறது. இதன் அருகே யானைக்கல்லில் உள்ள தாழ்வான கல்பாலமோ வேறு இயல்பினது. வெள்ளம் பெருகும்போது நீருக்கு அடியில் மறைந்து, வடிந்தபின் வெளிப்படும். ஆற்றோடு வழக்கிடாத பாலம் அது.

பாலம் கட்டப்பட்ட பின்னரும் அழகர் அதன்மேல் செல்வதில்லை. பாலத்தின் ஓரமாக, ஆழ்வார்புரத்துப் பக்கம் ஆற்றில் இறங்குகிறார். கடந்து செல்வதற்காக வருபவர் பாலத்தைத் தேடுவர். நீருக்காக வருபவர்க்கு அது வேண்டுவதில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கருதுக. பழந்தமிழில் அணை என்னும் சொல் இரு பொருள்படும். நீரைத் தடுப்பதும் அணை. நீரைக் கடக்க இராமபிரான் கட்டிய சேதுவும் திருவணையே. மதுரைக்கு இரண்டும் ஆறு ஆண்டு இடைவெளியில் வந்தன. பாலம் 1889, பெரியாற்று அணை 1895. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் தென்னாடு மடிந்ததைக் கண்டபின் வேகம் பெற்ற பணி அது. மேற்கே கடலில் கலக்கவிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையில் விட்டார் பென்னிகுவிக். பின்னர் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை கட்டப்பெற்று, 1959 சனவரி 21 அன்று முதலமைச்சர் காமராசரால் திறக்கப்பெற்றது. மதுரையின் வடபால் மேலூர் வரை வயல்கள் விளைந்ததற்கு இந்த நீரே காரணம். அழகர்மலையைச் சுற்றியுள்ள வயல்களில் பல, இன்று மலையின் நீரையன்றிச் சேரநாட்டு மலைநீரை உண்கின்றன என்பது வியப்புக்குரியது.

ஆயின் ஆற்றுக்கு நேர்ந்தது என்ன? நீர் அணையில் நின்றது, வாய்க்கால்களில் சென்றது, நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்கு மிஞ்சியது மணலும் சாக்கடையுமே. மணலையும் அள்ளினர். மதுரை வைகையில் இறங்கும் பெருமானுக்காக, இன்று அணையிலிருந்து நாள் குறித்துத் தண்ணீர் திறக்கப்படுகிறது. நீர்வளத் துறையின் மதகு திறந்தால்தான் அழகர் ஆற்றில் இறங்க முடியும் என்ற நிலை. மழை பொய்த்த சில ஆண்டுகளில் அதற்கும் வழியின்றி, ஆற்றின் நடுவே தொட்டி அமைத்து நீர் நிரப்பி, அதில் பெருமானை இறக்கிய காட்சியையும் மதுரை கண்டது. தவளையாய்த் தவமிருந்த முனிவரின் சாபம் நீங்க வந்தவர் அன்றோ அழகர்? தவளை வாழ நீரில்லாத ஆற்றில் யார் சாபத்தை நீக்குவது? இவ்வினாவை அரசிடம் மட்டும் கேட்பது நியாயமன்று. கழிவுநீரை ஆற்றில் விடும் வீடுகளும் ஆற்றங்கரையிலேயே உள்ளன. அவ்வீட்டாரும் விடியற்காலையில் 'கோவிந்தா' என்று கூவிக் கரையில் நிற்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. வெயிலில் வரும் பெருமானைக் குளிர்விக்க, கருப்பசாமி வேடமிட்ட அடியார்கள் தோலால் ஆன துருத்திப்பையில் நறுநீர் நிரப்பிப் பீய்ச்சுவது பழைய நேர்த்திக்கடன். தோல்பை நீரின் வேகம் சிறிது. மழைத்தூறல் போன்று விழும். அண்மை ஆண்டுகளில் உயர் அழுத்தக் குழாய்களைக் கொண்டு வேகமாகப் பீய்ச்சத் தலைப்பட்டனர். நீரில் வேதிப்பொருள்களும் கலந்தன. நூபுரகங்கையன்றிப் பிற நீர் படாத திருமேனி மீது, குதிரை மீது, பட்டர்கள் கண்களில் எல்லாம் அது பாய்ந்தது. 2024-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதனைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. அன்பின் மிகுதியால் செய்தது என்பர். மலையிலிருந்து பெருமானோடு நீரையும் சுமந்து வந்த முன்னோர்க்கும் அன்பு இருந்தது; அதற்கு அளவும் இருந்தது.

கூட்டத்தின் பெருக்கமும் சொல்லத்தக்கதே. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அழகர் மதுரைக்கு எழுந்தருளவில்லை. மலையடிவாரத்திலேயே விழாச் சடங்குகள் நடந்தன. இரண்டாண்டுப் பிரிவுக்குப்பின் 2022 ஏப்ரல் 16 அன்று ஆற்றில் இறங்கியபோது திரண்ட பெருங்கூட்டத்தின் நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். முதியோரையும் குழந்தைகளையும் உடன்கொண்டு வருவோர், ஆற்றில் இறங்கும் அந்த ஒரு நாழிகையைவிட, மூன்றுமாவடியிலோ, வண்டியூரிலோ, திரும்பிச் செல்லும் வழியில் அப்பன்திருப்பதியிலோ நின்று வணங்குதல் நன்று. அங்கெல்லாம் பெருமான் அருகில் நின்று முகம் காட்டுவார். ஊர்ப்புறத்து மண்டகப்படிகளில் பானகமும் நீர்மோரும் கொடுத்து உபசரிக்கும் எளிய மக்களின் அன்பினையும் அங்கே காணலாம்.

முன்னர்க் கூறிய கண்ணகியை இப்போது நினைவு கொள்ளுங்கள். அழகர் வைகையில் இறங்கும் அதே சித்திரா பௌர்ணமி நாளில், தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழகமும் கேரளமும் கூடும் மலை முகட்டில், மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுக்கொருமுறை விழா நடைபெறுகிறது. இரு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து நடத்தும் விழா அது. சிதைந்து நிற்கும் கற்கோயில், சுற்றிலும் காடு. அந்த மலைத்தொடர்களில் பெய்யும் மழையும், அணையிலிருந்து குகைவழி வரும் நீரும் முல்லையாறாய் இறங்கி, சுருளி அருவியின் நீரையும் சேர்த்துக்கொண்டு, வைகையில் கலக்கின்றன. திருமாலிருஞ்சோலையின் வழியை விட்டு வேறு வழியில் மதுரை புகுந்த பெண், நகரை எரித்து, வைகையின் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து, மலையேறினாள் என்பது காப்பியம். அவள் ஏறிய மலையின் நீர் ஆற்றில் வர, அவள் ஏறாத மலையின் பெருமான் அதே நாளில் அந்த ஆற்றில் வந்து இறங்குகிறார். இதனை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. சித்திரையின் முழுநிலவு இரண்டையும் ஒருங்கே காண்கிறது.

சித்திரையில் மக்களின் ஆற்றைத் தேடி இறங்கிய பெருமான், ஐப்பசியில் தம் ஆற்றைத் தேடி ஏறுகிறார். வளர்பிறைத் துவாதசியன்று நடைபெறும் தைலக்காப்பு விழாவே அது. கோயிலிலிருந்து மலைப்பாதை வழியே பல்லக்கில் நூபுரகங்கைக்கு எழுந்தருளி, அங்குள்ள மாதவி மண்டபத்தில் திருமேனி முழுதும் தைலம் சாத்தப்பெற்று, அருவியின் நீரில் நீண்ட திருமஞ்சனம் கொள்கிறார். தொட்டித் திருமஞ்சனம் என்பது ஊர் வழக்கு. சித்திரையைப்போல் இலட்சக்கணக்கில் கூட்டம் இராது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதமாதலின், மரங்கள் நனைந்து, பாதை வழுக்கி, குரங்குகள் கிளைகளில் ஒடுங்கியிருக்கும். மலையேறுவோர் குடையும், ஊன்றுகோலும், மாற்றாடையும் உடன் கொள்வது நல்லது. காலையிலேயே ஏறிவிட வேண்டும். திருமஞ்சனம் முடிந்து பெருமான் அதே பல்லக்கில் இறங்கி, மாலையில் இருப்பிடம் சேர்கிறார்.